கப்பல் கிளி

எங்கள் கப்பல் அந்தத் தீவில் நிற்கும்போதெல்லாம், பயணிகள் இறங்கும் படிக்கட்டின் கீழே நாங்கள் இரண்டு பேர் நிற்போம். கேமராவோடு நான். என் பக்கத்தில் ஆளுயரப் பச்சைக் கிளி. கிளிக்குள் இருந்தவரைக் கப்பலில் எல்லோரும் கிளியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பயணிகள் வரிசையாக இறங்குவார்கள். நான் மறித்து நிறுத்துவேன். கிளி ஓடிவந்து அவர்கள் தோளில் இறக்கையைப் போடும். பின்னால் கடல், மலை, வளைந்த ஒரு தென்னை. ஒரு க்ளிக், அடுத்த குடும்பம். வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்தான், சாயங்காலம் கப்பல் சுவரில் நாங்கள் மாட்டிவைத்த படங்களுக்கு முன்னால் முதல் ஆளாக வந்து தங்களைத் தேடுவார்கள்.

படம் எடுப்பதற்கு எங்கள் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "தீவு தெரியணும். தீவுக்காரங்க தெரியக் கூடாது." தென்னைக்கு இடது பக்கம் ஒரு கிரேன். அதன் காலடியில் குப்பைத் தொட்டிகள். அப்புறம் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வேன் ஓட்டுகிறவர்கள், தொப்பி விற்கிறவர்கள், கப்பலில் வேலை செய்யும் தங்கள் ஆட்களைப் பார்க்க வந்த குடும்பங்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேமராவைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினால் போதும், அத்தனை பேரும் காணாமல் போய்விடுவார்கள்.

பயணிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இறங்கியதும் கையில் இருக்கிற போனைத் தூக்கிக்கொண்டு அதே தென்னையைத்தான் எடுப்பார்கள். ஒருவர் படத்தில் இன்னொருவர் விழுந்துவிடக் கூடாது என்று அங்கே ஒரு தள்ளுமுள்ளு. எடுத்து முடித்ததும், "ஆளே இல்லாத இடம், என்ன அமைதி!" என்று பெருமூச்சு விடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளியண்ணனுக்கு அது அந்த அளவுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அது அவருடைய தீவு.

அவர் அங்கே படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி, மகள் பிறந்து, கழுத்து நிற்பதற்குள் கப்பல் வேலைக்கு வந்துவிட்டார். எங்கள் பிரிவில் விளக்கும் ஸ்டாண்டும் தூக்குகிற வேலை. அப்போது கிளியாக இருந்தவருக்கு ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ மாட்டிக்க" என்றார் மேனேஜர். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. ஒப்பந்தம் முடியும், கொஞ்ச நாள் ஊருக்குப் போவார், திரும்பி வந்து மறுபடி கிளிக்குள் நுழைவார்.

அந்த உடைக்குள் நானும் ஒருமுறை சும்மா தலையை விட்டுப் பார்த்திருக்கிறேன். ஈரச் சாக்கு நாற்றம். தலைக்குள் ஒரு சின்ன மின்விசிறி உண்டு. அது சத்தம் போடும், காற்று மட்டும் வராது. கிளியின் கண்கள் வெறும் பிளாஸ்டிக். உள்ளே இருக்கிறவர் வெளியே பார்ப்பது மஞ்சள் மூக்குக்கு அடியில் இருக்கும் வலைத்துணி வழியாகத்தான். நேரே நிற்கிறவர்களின் நெஞ்சு தெரியும், முகம் தெரியாது. சின்னப் பிள்ளைகள் சுத்தமாகத் தெரியவே மாட்டார்கள். அதனால் பிள்ளைகள் வந்தால் கிளியண்ணன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, தலையை வலது தோள்பக்கம் நன்றாகச் சாய்த்து, உள்ளங்கை மேலே பார்க்க இறக்கையை நீட்டுவார். அப்படிச் சாய்த்தால்தான் வலையில் முகம் தெரியும்.

இந்தச் சாய்ப்பு அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு அறையில் ஏதாவது கேட்டால்கூடத் தலையைச் சாய்த்துத்தான் பதில் சொல்வார். "அண்ணே, மூக்கைக் கழட்டியாச்சு, தலையை நேரா வைங்க" என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். அவரும் சிரிப்பார்.

கிளிக்கு இரண்டு கட்டுப்பாடுகள். பேசக் கூடாது. என்ன ஆனாலும் வெளியில் தலையைக் கழற்றக் கூடாது. வாலைப் பிடித்து இழுப்பார்கள், முட்டியில் உதைப்பார்கள், ஒரு பெரிய மனுஷன் வயிற்றில் குத்திவிட்டு "உள்ள ஆள் இருக்கானா?" என்று கேட்டார். அதற்கும் கிளி தலையாட்டியது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவதுதான் கிளியின் பதில்.

போன பருவத்திலிருந்துதான் எங்கள் கப்பல் அவருடைய தீவுப் பக்கம் வர ஆரம்பித்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவை கப்பல் அங்கே கரை சேர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி மகளோடு நின்றார். நாங்கள் அவரைக் கிளியண்ணி ஆக்கிவிட்டோம். வாசல் காவலாளி அண்ணிக்கு மாமா முறை. வரிசை ஓய்ந்த நேரத்தில் அவர் கண்டும் காணாதது போல வாசலை லேசாகத் திறந்தார். அண்ணி மகளை இறக்கிவிட்டதுதான் தாமதம், அந்தக் குட்டி நேரே ஓடிவந்து கிளியின் காலைக் கட்டிக்கொண்டது.

கிளி முழங்காலிட்டுத் தலையைச் சாய்த்தது. குழந்தையும் தலையைச் சாய்த்து மூக்குக்கு அடியில் எட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்துக் கத்தியது. "அம்மா! கிளிக்குள்ள ரெண்டு கண்ணு இருக்கும்மா!" நான் படம் எடுத்த எத்தனையோ பிள்ளைகளில் ஒன்றுகூட அதுவரை அந்த வலைக்குள் பார்த்ததில்லை.

கடைசிப் பயணி இறங்கியதும் அண்ணன் உடையைக் கழற்றிப்போட்டுக் குளித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பயணிகள் திரும்புவதற்குள் மறுபடி கிளியாகிவிட வேண்டும். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னண்ணே?"

"தங்கச்சி, என் மக என்னைப் பார்த்து மாமான்னு கூப்பிடுறா. தூக்கப் போனா ஊரே கூடுற மாதிரி கத்துறா."

"பழகிட்டா சரியாயிடும்ணே."

சரியாகவில்லை. கப்பல் மாதத்தில் இரண்டு மூன்று தடவை வந்துபோனது. ஒவ்வொரு தடவையும் அதே கதை. கப்பலடியில் கிளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பெண், வீட்டில் அவரைப் பார்த்ததும் ஓடி ஒளிந்தாள்.

ஒருமுறை நானும் அவரோடு வீட்டுக்குப் போனேன். மீன்வலைக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முதல் அறையில் தையல் மிஷின், அதைச் சுற்றி வெட்டிப்போட்ட நீலத் துணி. அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார். ஃபிரிட்ஜ் கதவு மூடாது, ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். சுவரெங்கும், கைக்கு எட்டிய உயரம் வரைக்கும், பச்சைக் கிறுக்கல்.

மகள் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பயமே இல்லாமல் வெளியே வந்து, கிறுக்கலைக் காட்டி, "இது என் கிளி. இதுவும் என் கிளி" என்றாள். அண்ணன் அறை நடுவில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல விறைத்துக்கொண்டு நின்றார். தலையை எவ்வளவு நேராக வைக்க முடியுமோ அவ்வளவு நேராக வைத்திருந்தார். பொம்மைப் பெட்டியை நீட்டி, "அப்பாகிட்ட வாம்மா" என்றார். அவள் அவர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் மறுபடி மிஷினுக்கு அடியில் போய்விட்டாள்.

அண்ணி எனக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே சொன்னார். "நீயாவது சொல்லும்மா. கிளி அப்பாதான்னு அவகிட்ட சொல்லிடுங்கன்னா கேட்க மாட்டேங்கிறாரு."

"சொன்னா நம்ப மாட்டா" என்றார் அண்ணன். "நம்பிட்டா அதைவிட மோசம். இப்ப அந்தக் கிளியையாவது கட்டிப்பிடிக்கிறா. அதுக்குள்ள இருந்தது இந்த ஆள்தான்னு தெரிஞ்சா அதுவும் போயிடும். எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அண்ணி உள்ளே போனார். எனக்கு அண்ணன்மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு பயந்தவர் எப்படி நடுக்கடலில் பிழைக்கிறார் என்று நினைத்தேன்.

பருவம் முடிய ஒரு தடவைதான் பாக்கி. அதற்கு முந்தைய நிறுத்தத்தில் அது நடந்தது. சாயங்காலம் பயணிகள் எல்லாம் ஏறிவிட்டார்கள். காவல் மாமா வழக்கம்போல வாசலைத் திறக்க, மகள் ஓடிவந்தாள். கிளி முழங்காலிட்டது. இந்தத் தடவை அவள் கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் குவித்து, வலைத்துணியில் வாயை வைத்து ரகசியம் சொன்னாள். கிளி மெதுவாகத் தலையாட்டியது. அவள் திருப்தியாகத் திரும்பி ஓடினாள்.

கப்பலுக்குள் வந்து கிளித் தலையைக் கழற்ற நான்தான் உதவி செய்வேன். கழற்றினால், அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே சொன்னா?"

"எங்க வீட்டுக்கு ஒரு மாமா வர்றாரு. அவரு வந்துட்டுப் போனா அம்மா அழுறாங்க. நீ போய் அவரைக் கொத்திடுன்னா."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"கிளி என்ன சொல்லும்? தலையாட்டிட்டேன் தங்கச்சி" என்றார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அரைக் கிளியாக, இடுப்புவரை பச்சை இறகோடு பெஞ்சில் உட்கார்ந்து அவர் அழுதார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே மேனேஜரிடம் போய், அடுத்த ஒப்பந்தத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த நிறுத்தத்தோடு இறங்கிக்கொள்கிறார். தீவில் பவளப்பாறை காட்டும் படகில் காவல் மாமா ஒரு வேலை பேசிவைத்திருந்தார். மேனேஜருக்கு வருத்தம்தான். "உன்னை மாதிரி ஒரு கிளி கிடைக்காதுய்யா" என்றார். அதை அவர் மனதார, பாராட்டாகத்தான் சொன்னார்.

தைரியமாகச் சொல்லிவிட்டாரே தவிர, தீவு நெருங்க நெருங்க அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "கிளி கப்பலோட போயிடும், நான் மட்டும் மிஞ்சுவேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அவ கிளி எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? வாழ்க்கை பூரா என்னை மன்னிக்க மாட்டா." அவர் ஒரே ஒரு திட்டம் வைத்திருந்தார். கடைசி நாள் கிளியாகவே நின்று அவளுக்கு டாட்டா காட்டிவிட வேண்டும். போய்வருகிறேன் என்று கிளியே சொல்லிவிட்டால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு மெதுவாக அவர் போய் நிற்பது.

அந்தத் திட்டத்திலும் மண் விழுந்தது. கப்பல் கரை சேர்ந்ததுமே அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கணக்கில் இல்லாத ஆள் கப்பல் உடையைப் போடக் கூடாதாம். நான் மேனேஜரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "இன்னைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் சார். போட்டா என்ன, கிளி பறந்தா போயிடும்?" அவர் கையை விரித்தார். சலவைப் பிரிவில் இருந்த ஒரு நெட்டையனைப் பிடித்துக் கிளிக்குள் திணித்தார்கள். உடை அவனுக்குப் பத்தவில்லை. பச்சை இறகுக்குக் கீழே நீளமான இரண்டு மனிதக் கால்கள் தெரிந்தன.

பகல் முழுக்க அண்ணன் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. சாமான் கட்டுகிறேன், ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆயிரம் சாக்கு. பயணிகள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புகிற நேரத்தில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அதே முழுக்கைச் சட்டை. நான் வரிசையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். நெட்டைக் கிளி என் பக்கத்தில் விளக்குக் கம்பம் மாதிரி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

வேலியோரம் அண்ணியும் மகளும் வந்திருந்தார்கள். காவல் மாமாவுக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை, வரிசை ஓயும் முன்பே வாசலைத் திறந்துவிட்டார். மகள் ஓடிவந்தாள். அண்ணன் பெட்டியோடு நடுவில் நின்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவர் காலை உரசிக்கொண்டு தாண்டிப் போய்க் கிளியின் மேல் விழுந்தாள்.

சலவைக்காரனுக்கு என்ன தெரியும், பாவம். வலைக்குள் அவனுக்குப் பயணிகளின் நெஞ்சுதான் தெரிந்திருக்கும். காலில் ஏதோ இடித்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்து, ஆகாயத்தைப் பார்த்துக் கையாட்டினான். அவள் மறுபடி போய் இறகைப் பிடித்து இழுத்தாள். மறுபடி ஆகாயத்துக்குக் கையாட்டல். குழந்தை அண்ணாந்து மூக்கின் அடியில் பார்த்தது. பின்வாங்கியது.

"இது இல்ல" என்றாள். முதலில் மெதுவாக. பிறகு வேலிவரை கேட்கிற மாதிரி. "அம்மா, இது என் கிளி இல்ல! இது வேற யாரோ!"

வரிசையில் நின்ற பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள். அண்ணனைப் பார்த்தேன். அவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். அழுகிற பிள்ளையைக் கண்டதும் இத்தனை நாளாக அந்த உடம்பு என்ன செய்து பழகியிருந்ததோ அதையே செய்தது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். தலையை வலது தோள்பக்கம் நன்றாகச் சாய்த்தார். உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நீட்டினார். "அப்பாகிட்ட வா" என்று சொல்லவில்லை. கிளி பேசாது அல்லவா, அவரும் பேசவில்லை.

அவள் அழுகையை நிறுத்தினாள். அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, அந்த முகத்தைப் பார்த்தாள். அவளும் தலையைச் சாய்த்தாள்.

நான் கேமராவை இடது பக்கம் திருப்பினேன். கிரேன், குப்பைத் தொட்டி, கம்பிவேலி, தொப்பி விற்கிறவர், முதுகைச் சொறிந்துகொண்டிருந்த காவல் மாமா, வாயைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணி, நடுவில் அவர்கள் இரண்டு பேர், எல்லாம் அப்படியே படத்தில் விழுந்தது. வரிசையில் யாரோ என்னைத் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தாள். அவர் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அவர் மூக்கைத் தொட்டாள்.

"உன் பெரிய மூக்கு எங்க?"

"கப்பல்லயே விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது.

"அப்ப அந்த மாமாவ எப்படிக் கொத்துவ?"

"கொத்த வேண்டாம்மா" என்றார் கிளியண்ணன். "இனிமே அவரு போக மாட்டாரு."